பெயர் நீக்கல்

ராதாபுரம் வட்ட வழங்கல் அலுவலகத்தில்
கணினிக்குப் பின்னால் இருந்த அம்மா கேட்டாள்:
"கல்யாணமா, இறப்பா?"

ரெண்டும் இல்லை என்றேன்.
"அப்ப எதுக்குப் பேரெடுக்கணும்?"

மடத்துத் தலைமைச் சகோதரி அனுப்பிய கடிதத்தைக் கொடுத்தேன்.
மேலே சிலுவை, கீழே முத்திரை,
நடுவில் ஒரு வரியில் என் மகள்.
கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வாசித்தாள்.
"ஒரே பொண்ணா?"
"இன்னொண்ணு பையன். திருப்பூர்ல இருக்கான்."
"ம்" என்றாள், கொஞ்சம் நிம்மதியாக.

எல்லாரும் இதைத்தான் கேட்கிறார்கள்.
இன்னொன்று மிச்சமிருந்தால்
போனது அவ்வளவாகக் குறையாது என்பதுபோல.

பெனித்தா சொன்ன இரவு
காற்றாலைக் காவலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன்.
டார்ச்சுக்குப் பேட்டரி மாற்றியபடியே
"காலைல பேசுவோம்" என்றேன்.
பணகுடிக்குக் கிழக்கே ஆனிக் காற்று
ஆளைத் தள்ளிக்கொண்டு போனது.
நூற்றுப் பதினேழாம் காற்றாடிக்குக் கீழே
விடியும்வரை உட்கார்ந்திருந்தேன்.
எத்தனை மணிக்கு அது நின்றது என்று
பதிவேட்டில் எழுதாத ஒரே இரவு.

காலையிலும் நான் பேசவில்லை.
ஞானம்தான் பேசினாள்.
முதலில் பங்குச் சாமியாரிடம்,
பிறகு அவரை விட்டுவிட்டு நேரே மாதா சுரூபத்திடம்:
"ஒம்பிள்ளைய நீ குடுத்தே, சரி.
எம்பிள்ளையத் தாரேன்னு நான் எப்பச் சொன்னேன்?"
மூன்று ஞாயிறு பூசைக்குப் போகவில்லை.
நாலாவது ஞாயிறு போனாள்.
நன்மை வாங்காமல் திரும்பி வந்தாள்.

போகிற அன்று கம்மலைக் கழற்றி
தீப்பெட்டிக்குள் வைத்துக் கொடுத்தாள் பெனித்தா.
காது தூர்ந்துபோகுமே என்று
வேப்பங்குச்சி இரண்டை ஒடித்துக்கொண்டு
ஞானம் பின்னாலேயே போனாள், பஸ் வரைக்கும்.
குச்சி அவள் கையிலேயே திரும்பி வந்தது.

இப்போது வருடத்துக்கு ஒரு வாரம்.
"ஏட்டி பெனி, குழாயை அடைச்சுட்டு வா" என்று
தெரு கேட்கக் கத்திய மேலவீட்டுச் செல்லக்கனி
ஆட்டோ நின்றதும் முந்தானையை இழுத்துச் செருகி
"வாங்க சிஸ்டர்" என்கிறாள்.
நான் வாசலில் நிற்கிறேன்.
"வா" என்றுதான் ஆரம்பிக்கிறேன்.
"ங்க" எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொள்கிறது.
"அப்பா, சும்மா இருங்கப்பா" என்று சிரிக்கிறாள்.

சந்தோஷமாக இருக்கிறாள்.
அதுதான் கஷ்டம்.
கொஞ்சம் வாடியிருந்தால்
எனக்கும் சொல்ல ஒரு வார்த்தை இருந்திருக்கும்.

"துறவறம்னு இதுல இல்லையே சார்."
திரையைத் திருப்பிக் காட்டினாள் அந்த அம்மா.
"கல்யாணம்னே போட்டுரவா?"

வார்த்தைப்பாடு கொடுத்த அன்று
மாலை போட்டார்கள், பாட்டுப் படித்தார்கள்,
பிரியாணிகூட இருந்தது.
ஞானத்துக்குப் பட்டுச்சேலையும் நான்தான் எடுத்தேன்.
போடுங்க என்றேன்.

"மாப்பிள்ள பேரு?"

பின்னால் வரிசையில் யாரோ இருமினார்கள்.
வள்ளியூர் பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டே கிளம்பியது.
என் வாயில் ஒரு பெயர் வந்து நின்றது.
"பரவால்ல, அது கட்டாயம் இல்ல" என்று
அவளே அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டாள்.

சீனி குறைந்துவிட்டது.
ஞானம் பழைய பையையே கொண்டுபோகிறாள்.

பெனித்தாவுக்கு ஏழு வயதில்
கல்யாணத்துக்கென்று போட்ட பாலிசிக்கு
இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது.
ஏஜெண்ட் வியாகப்பன் வந்து
"சரண்டர் பண்ணிரலாமா அண்ணாச்சி?" என்றான்.
அடுப்படியிலிருந்து ஞானம் சொன்னாள்:
"கெட்டுவாவ. நீ டீயைக் குடி."

இந்தத் தவணையும் கட்டிவிட்டேன்.
எதற்கு என்று கேட்டால் தெரியாது.
ரசீதில் அவள் பெயர் மட்டும் வருகிறது,
முன்னால் சிஸ்டர் இல்லாமல்,
தொம்மை என்கிற என் முதலெழுத்தோடு:
தொ. பெனித்தா.